இயங்கலை வகுப்பு: கருவியோடு பண்பையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது

மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தை என்று நாங்கள் இன்னமும் சொல்லும் எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயாவில், இயங்கலை வகுப்பு என்றாலே பலருக்கு 2020-தான் ஞாபகத்துக்கு வரும். அந்த ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் பள்ளிக்கூடம் கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பள்ளிகள் திறந்த பிறகும் அது முழுதாகப் போய்விடவில்லை. வெள்ளம் வந்தாலும் புகைமூட்டம் கூடினாலும் மறுபடி இயங்கலைதான். மாலை நேர டியூஷன் பலவும் கூகுள் மீட்டில் நடக்கிறது. வீட்டுப்பாடம் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வருகிறது.

பிள்ளைகள் கருவியைச் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். மியூட் போடவும் திரையைப் பகிரவும் ஆசிரியருக்கே சொல்லித் தருகிறார்கள். ஆனால் கூட்டாளியின் முகத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டிக்கராக்கி அனுப்பலாமா, இணையத்தில் கிடைத்த படத்தைத் தான் வரைந்ததுபோல் ஒட்டலாமா, அப்பாவின் கைப்பேசிக்கு வந்த லிங்க்கைத் தொடலாமா என்றெல்லாம் அவர்களோடு உட்கார்ந்து பேசியவர்கள் குறைவு. முதல் பாதியைக் கல்வித் தொழில்நுட்பம் என்கிறோம். இரண்டாம் பாதிக்கு டிஜிட்டல் குடிமைப் பண்பு என்று பெயர். இரண்டையும் ஒரே வகுப்பில் எப்படிச் சேர்ப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். புதிதாக இயங்கலையில் கற்பிக்கத் தொடங்கும் ஆசிரியர், டியூஷன் நடத்துபவர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர் எல்லாருக்கும் இது பயன்படும்.

இரண்டும் என்ன?

கல்வித் தொழில்நுட்பம் என்பதை டேப்லெட், கணினி, செயலி என்று பொருள்களாக மட்டும் பார்க்கக் கூடாது. ஒரு குறிப்பிட்ட பாடத்தைப் பிள்ளை புரிந்துகொள்வதற்கு எந்தக் கருவியை, எந்த இடத்தில், எதற்காக எடுக்கிறோம் என்ற முடிவும் அதற்குள் அடங்கும். கருவி எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும் அந்த ‘எதற்காக’ இல்லையென்றால் பாடத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

டிஜிட்டல் குடிமைப் பண்பு என்பது இணையத்தில் மனிதனாக நடந்துகொள்வது. அமெரிக்கக் கல்வியாளர் மைக் ரிபிள் 2000-களில் இதை 9 கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். எல்லாருக்கும் இணைய வசதி கிடைப்பது, இணையத்தில் வாங்குவது விற்பது, பேசுவது, மரியாதையாக நடப்பது, கருவிகளைக் கற்றுக்கொள்வது, உடல் மன நலம், சட்டம், உரிமையும் பொறுப்பும், பாதுகாப்பு ஆகியவையே அந்த ஒன்பதும். பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பிறரை மதிப்பது, தானும் கற்று மற்றவருக்கும் சொல்வது, தன்னையும் பிறரையும் காப்பது என்று மூன்றாகச் சுருக்கி வைத்துக்கொண்டால் ஆரம்பப்பள்ளிக்குப் போதும்.

பொதுவாக இந்த இரண்டையும் தனித்தனி ஆட்களிடம் ஒப்படைத்துவிடுகிறோம். கருவியைத் தொழில்நுட்பம் தெரிந்த ஆசிரியர் பார்த்துக்கொள்வார். இணையப் பாதுகாப்புக்கு ஆண்டுக்கு ஒருமுறை மண்டபத்தில் ஒரு சொற்பொழிவு நடக்கும். பிள்ளைகள் கைதட்டிவிட்டுக் கலைவார்கள். மறுநாள் அறிவியல் வகுப்பில் யாரோ எடுத்த படத்தை அப்படியே ஒட்டுவார்கள், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். சொற்பொழிவு தப்பு என்று சொல்லவில்லை. பழக்கம் என்பது பயன்படுத்துகிற நேரத்தில்தான் படியும். படத்தை ஒட்டும் அந்த நிமிடத்தில் “இது யாருடைய படம்?” என்று ஆசிரியர் கேட்டால், அதுவே குடிமைப் பாடம். அதற்கென்று தனி அட்டவணை வேண்டாம், தனிப் புத்தகமும் வேண்டாம்.

முதலில் வீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

இந்த நாட்டில் வணிக முறையில் செம்பனை முதன்முதலாக 1917-இல் நடப்பட்டது எங்கள் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். நூறு ஆண்டு கடந்தும் சுற்றிலும் செம்பனைக் காடுதான். பெருஞ்சாலையை விட்டு உள்ளே போகப் போகக் கைப்பேசியில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். பல வீடுகளில் நல்ல கைப்பேசி ஒன்றுதான் இருக்கும், அதுவும் அப்பாவுடையது. அவர் காலையில் வேலைக்குப் போகும்போது அதுவும் கூடவே போய்விடும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் காலை 9 மணிக்கு நேரலை வகுப்பு வைத்து, வராத பிள்ளைக்கு ‘வரவில்லை’ என்று குறி போடுவது நியாயமில்லை. எல்லாருக்கும் வசதி கிடைப்பதைத்தான் அந்த 9 கூறுகளில் முதலாவதாகச் சொன்னோம். ஆசிரியர் அதைக் கடைப்பிடிப்பதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் நியாயம் என்றால் என்ன என்று கற்றுக்கொள்வார்கள்.

நேரலைக் காணொலி வகுப்பு, தரத்தைப் பொறுத்து, ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி வரையோ அதற்கு மேலோ டேட்டாவைச் சாப்பிட்டுவிடும். டாப்-அப் போட்டுப் பயன்படுத்தும் குடும்பத்துக்கு அது பெரிய செலவு. ஆகவே நேரலையைச் சுருக்கி, மற்றதை அவரவர் நேரத்துக்கு விடுவது நல்லது. 4 நிமிடக் குரல் பதிவு ஒன்று, பாடநூல் பக்க எண், கூகுள் ஃபார்மில் 5 கேள்வி. அப்பா வேலை முடிந்து வந்ததும் பிள்ளை இதைச் செய்யலாம். காணொலியைவிடக் குரல் பதிவு மிகக் கொஞ்சம் டேட்டாவிலேயே போய்ச் சேரும். நேரலை வைத்தால், கேள்வி கேட்கவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் மட்டும் வையுங்கள். பாடம் வாசித்துக் காட்டுவதற்கு நேரலை தேவையில்லை.

கேமரா விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கட்டாயப்படுத்தக் கூடாது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் படிக்கிற இடமும் பாட்டி படுக்கிற இடமும் தம்பி விளையாடுகிற இடமும் ஒரே கூடம்தான். கேமராவைத் திறந்தால் அந்த வீடே வகுப்புக்கு வந்துவிடுகிறது. சில பிள்ளைகள் அதற்குக் கூச்சப்பட்டே வகுப்பைத் தவிர்ப்பார்கள். “முடிந்தவர்கள் திறவுங்கள், மற்றவர்கள் பேசினால் போதும்” என்று ஆசிரியர் சொன்னால், அந்தரங்கம் மதிக்கப்பட வேண்டியது என்பதைப் பிள்ளைகள் அங்கேயே பார்த்துவிடுகிறார்கள்.

பகிர்ந்துகொள்ளும் கைப்பேசிக்கு இன்னும் சில பழக்கங்கள் வேண்டும். அப்பாவின் கைப்பேசியில் வங்கிச் செயலி இருக்கும், மின்பணப்பை இருக்கும், அண்ணனின் முகநூல் கணக்கும் இருக்கும். பிள்ளை படித்து முடித்ததும் தன் பள்ளிக் கணக்கிலிருந்து வெளியேறுவதை வகுப்பின் கடைசி வேலையாகவே வைத்துவிடுங்கள். முதல் வாரம் எல்லாரும் சேர்ந்து செய்து பார்க்கட்டும். பள்ளிக் கணக்குக்கென்று தனி உலாவி ஒன்றை அமைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. வங்கியிலிருந்து வருகிற 6 இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும், ஆசிரியர் பெயரில் கேட்டாலும், சொல்லக் கூடாது. விளையாட்டுக்கு இலவச டைமண்ட் தருகிறோம் என்று வரும் லிங்க்கில் சிக்கினால், போவது பிள்ளையின் பணமில்லை, அந்த மாதச் சம்பளம். இதைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுவது உத்தமம்.

ஒரு பாடத்தை எடுத்துப் பார்ப்போம்

ஐந்தாம் ஆண்டுத் தமிழ்மொழி. தலைப்பு: ‘தோட்ட வாழ்க்கை – அன்று’. வழக்கமாக 100 சொல்லில் ஒரு கட்டுரை எழுதி, படம் எடுத்து, புலனக் குழுவில் போடச் சொல்வோம்.

கருவி பாடத்துக்கு எவ்வளவு உதவுகிறது என்று அளந்து பார்க்க கல்வியாளர் ரூபன் புவெண்டெதுரா வகுத்த நான்கு படிகள் இங்கே கைகொடுக்கும். முதல் படியில் கருவி பழையதற்குப் பதிலாக வருகிறது. நோட்டில் எழுதியதை கூகுள் டாக்ஸில் தட்டச்சு செய்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டாம் படியில் கொஞ்சம் கூடுதல் பயன். ஆசிரியர் வரிக்குப் பக்கத்திலேயே கருத்து எழுதலாம், பிள்ளை உடனே திருத்தலாம். மூன்றாம் படியில் வேலையின் வடிவமே மாறுகிறது. நான்கு பிள்ளைகள் ஒரே கோப்பில் சேர்ந்து எழுதி ஒருவர் எழுதியதை ஒருவர் செப்பனிடுகிறார்கள். நான்காம் படி, கருவி இல்லாமல் முன்பு செய்ய முடியாத ஒன்று. பிள்ளைகள் அவரவர் பாட்டி தாத்தாவின் குரலைப் பதிவு செய்து, பழைய படங்களைச் சேர்த்து, பல தோட்டத்துப் பிள்ளைகள் கூடி ஒரு குரல் தொகுப்பே உருவாக்கலாம்.

எல்லாப் பாடமும் நான்காம் படிக்கு ஏற வேண்டியதில்லை. வாய்பாட்டுக்கு முதல் படியே போதும். ஆனால் இந்தத் தலைப்பு ஏறத் தகுந்தது. ஏறும் ஒவ்வொரு படியிலும் குடிமைப் பண்பின் ஒரு கேள்வி தானாகவே எழும்.

பிள்ளை பாட்டியின் எதிரே கைப்பேசியை வைக்கும் முன் ஒன்று கேட்க வேண்டும். “பாட்டி, நீங்க பேசறதைப் பதிவு பண்ணலாமா? எங்க வகுப்புல மட்டும்தான் போடுவோம். வேண்டாம்னா எழுதிக்கிறேன்.” இந்த மூன்று வாக்கியத்தையும் வகுப்பில் சொல்லிப் பார்க்க வையுங்கள். எதற்கு, யார் கேட்பார்கள், மறுக்கலாம் என்ற மூன்றும் அதற்குள் இருக்கிறது. பாட்டிக்குப் பதிவு என்றால் என்ன, அது எங்கே போகும் என்று புரியும்படி சொல்வதும் பிள்ளையின் வேலைதான்.

பாட்டி பேசத் தொடங்கினால் விடிவதற்கு முன்னால் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போனது, கித்தா (ரப்பர்) மரத்தில் பால் பிடிக்கும் மங்கு மாட்டியது, ஒட்டுப்பால் சேர்த்தது, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டது எல்லாம் வரும். நடுவே கங்காணி ஒருவரைத் திட்டியும் சொல்வார், பெயரோடு. அந்தக் கங்காணியின் பேரன் அதே வகுப்பில் இருக்கலாம். அதைத் தொகுப்பில் வைக்கலாமா? இதற்கு ஆசிரியர் உடனே விடை சொல்லாமல் பிள்ளைகளிடம் விடுவதுதான் நல்லது என்பேன். பெயரை எடுத்துவிட்டுச் சம்பவத்தை வைக்கலாம் என்பார்கள் சிலர், பாட்டியிடமே கேட்கலாம் என்பார்கள் வேறு சிலர். உண்மையைச் சொல்லும் உரிமையும் பிறர் பெயரைக் காக்கும் பொறுப்பும் ஒரே இடத்தில் மோதுகின்றன. பெரியவர்களே தடுமாறும் கேள்வி இது. பத்து வயதில் ஒருமுறை இதை யோசித்த பிள்ளை, பிறகு யாரைப் பற்றியாவது பதிவு போடும்போது சற்று நின்று யோசிக்கும் என்பது என் நம்பிக்கை.

அப்புறம் படங்கள். வீட்டு ஆல்பத்தில் இருக்கும் படத்துக்கு வீட்டாரிடம் கேட்க வேண்டும். இணையத்தில் எடுத்தால், எடுத்தவர் பெயரையும் கிடைத்த தளத்தையும் படத்தின் கீழே எழுத வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற அமைப்பு 2001-இல் தொடங்கியது. ‘என் படத்தை இந்த நிபந்தனையில் பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்று படைப்பாளியே முன்கூட்டி அனுமதி தரும் உரிமங்களை அது வகுத்தது. கூகுள் படத் தேடலில் அந்த உரிமம் உள்ள படங்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதைக் காட்டப் பத்து நிமிடம்கூட ஆகாது.

சேர்ந்து எழுதும் கோப்பில் சண்டை வரும். “அவன் என் வரியை அழிச்சிட்டான் டீச்சர்!” கூகுள் டாக்ஸில் திருத்த வரலாறு என்று ஒன்று உண்டு. யார், எப்போது, எதை எழுதினார், எதை அழித்தார் என்பது அதில் தெரியும், அழித்ததை மீட்கவும் செய்யலாம். தண்டிக்க மட்டும் அதைத் திறக்காதீர்கள். இணையத்தில் செய்வது தடம் இல்லாமல் போய்விடாது என்பதைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒருவர் வேலைக்கு இன்னொருவர் கருத்து எழுதும்போது ‘சூப்பர்’ என்று மட்டும் போடாமல், பிடித்த ஒரு வரி, தெரிந்துகொள்ள விரும்பும் ஒரு கேள்வி என்று எழுதப் பழக்குங்கள். மரியாதையாக மாறுபடுவதற்கும் அங்கேதான் பழக்கம் வருகிறது.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளியானது. இப்போது கட்டுரையை அதனிடம் எழுதி வாங்கிவிடுகிறார்கள் என்ற புலம்பல் எல்லாப் பள்ளியிலும் கேட்கிறது. இந்தச் செயலிகளுக்கு வயது வரம்பு உண்டு. சாட்ஜிபிடியை 13 வயதுக்குக் கீழே உள்ளவர் பயன்படுத்தக் கூடாது என்பது அந்த நிறுவனத்தின் விதி. ஆரம்பப்பள்ளியில் பிள்ளைகள் கையில் கொடுக்காமல், ஆசிரியர் தம் திரையில் காட்டலாம்.

‘மலாயா ரப்பர் தோட்டத்தில் ஒரு நாள்’ என்று கேட்டு, வருவதைப் பாட்டிகளின் பதிவோடு வரிக்கு வரி ஒப்பிடச் சொல்லுங்கள். சொற்கள் எங்கே வேறுபடுகின்றன? எந்த நேரம் பொருந்தவில்லை? எது பாட்டிக்கு மட்டுமே தெரிந்தது? நன்றாகக் கோத்த வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். இப்படிப்பட்ட தலைப்புகளைக் கொடுத்தால் எழுதி வாங்கும் ஆசையும் குறையும், ஏனென்றால் தன் பாட்டி சொன்னது எந்தச் செயலியிடமும் இல்லை.

குடும்பப் புலனக் குழுவில் சுற்றும் செய்திக்கும் இதே பழக்கம்தான். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2017-இல் தொடங்கிய செபெனார்ஞா தளத்தில் ஒரு செய்தி பொய்யென்று ஏற்கெனவே மறுக்கப்பட்டதா என்று பார்க்கலாம். மலாய்ப் பாடத்தோடு சேர்த்து இதைச் செய்தால் மொழிப் பயிற்சியும் ஆச்சு.

எந்தக் கருவி, எந்தக் கணக்கு

அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வி அமைச்சு 2020 ஜூனில் தொடங்கிய டெலிமா தளத்தில் கணக்கு உண்டு. அந்த ஒரே கணக்கில் கூகுள் கிளாஸ்ரூம் போன்ற பல கருவிகளுக்குள் போகலாம். கூடியமட்டும் அதையே பயன்படுத்துங்கள். புதுச் செயலி ஒன்று அழகாக இருக்கிறது என்பதற்காகப் பிள்ளைகளைத் தங்கள் பெயர், பிறந்த தேதி, படம் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லாதீர்கள். கணக்கே இல்லாமல் புனைபெயரில் விளையாடக்கூடிய புதிர்த் தளங்கள் இருக்கின்றன, அவை போதும்.

கடவுச்சொல் பட்டியலைப் புலனக் குழுவில் போடும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒருவர் கணக்கில் இன்னொருவர் நுழைந்து செய்யும் குறும்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒவ்வொரு பெற்றோருக்கும் தனியாக அனுப்புங்கள். முதல் முறை நுழைந்ததும் பிள்ளை தானே மாற்றட்டும்.

வாட்ஸ்அப்புக்கும் குறைந்த வயது 13 என்பதால் ஆரம்பப்பள்ளி வகுப்புக் குழுவில் பெற்றோர்தான் உறுப்பினராக இருக்க வேண்டும். குழுவுக்கு விதிகளை முதல் நாளே பெற்றோரோடு பேசி முடிவு செய்யுங்கள். இரவு எத்தனை மணிக்கு மேல் செய்தி போடுவதில்லை, ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைப் பொதுவில் போடுவதில்லை, பிள்ளைகளின் படத்தை வெளியே பகிர்வதில்லை என்று மூன்று இருந்தாலே நிறைய மனத்தாங்கல் குறையும்.

தவறு நடந்துவிட்டால்

கேலி செய்து துன்புறுத்தும் பகடிவதை நடந்தால் முதலில் பாதிக்கப்பட்ட பிள்ளையின் பக்கம் நிற்க வேண்டும். ஆதாரத்தை அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பதிலுக்குத் திட்ட வேண்டாம், அனுப்பியவரைத் தடை செய்யலாம், நம்பும் பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும். சொன்னதற்காகக் கைப்பேசியைப் பிடுங்கிவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்த முறை சொல்லாது. இதைப் பெற்றோரிடம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இணையப் பகடிவதை விளையாட்டு விஷயமில்லை என்பதை இந்நாட்டுத் தமிழர்கள் 2024-இல் ஓர் இளம்பெண்ணை இழந்து உணர்ந்தோம். 2025-இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டு, மிரட்டியும் இழிவுபடுத்தியும் பிறரைத் துன்புறுத்துவது தனிக் குற்றமாக்கப்பட்டது. பிள்ளைகளைப் பயமுறுத்த இதைச் சொல்ல வேண்டாம். சட்டம் தங்கள் பக்கம் இருக்கிறது என்று அவர்கள் தெரிந்துகொள்ளட்டும். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் தாலியான் காசே உதவி எண் 15999, பணம் ஏமாற்றப்பட்டால் உடனே 997. இரண்டையும் கிளாஸ்ரூமின் முகப்பிலேயே எழுதி வையுங்கள். இணையப் பாதுகாப்புச் சிக்கல்களுக்கு சைபர்999 என்ற சேவையும் உண்டு.

ஆண்டு முடிவில்

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கல்வியாண்டு முடிந்ததும் வகுப்புப் பதிவுகளில் பிள்ளைகளின் முகமும் குரலும் இருப்பதை நீக்குங்கள். கிளாஸ்ரூமைக் காப்பகத்துக்கு அனுப்புங்கள், பகிர்ந்த கோப்புகளின் அனுமதியை மூடுங்கள், பெற்றோர் குழுவை அறிவித்துவிட்டுக் கலையுங்கள். பாட்டிமாரின் குரல் தொகுப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் பதிவைத் திருப்பிக் கொடுங்கள். பள்ளி நூலகத்தில் வைக்கலாமா என்று மறுபடி ஒருமுறை கேளுங்கள், ஏனென்றால் முதலில் அவர்கள் சரி என்றது வகுப்புக்கு மட்டும்தான். இந்த வேலைகளை ஆசிரியர் தனியாக உட்கார்ந்து செய்யாமல், கடைசி வாரத்தில் ஒரு வகுப்பாகவே வைத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யலாம்.